புரொமிதியஸோட கல்லீரலைத் தின்னது கழுகா, பிணந்தின்னியா? கிரேக்கக் கதையில வர்ற வேட்டைப் பறவைகள் பத்தி

நீங்க கேட்டது மேலோட்டமாப் பார்த்தா மூணு நாலு தனித்தனி கேள்வி. புரொமிதியஸ் கல்லீரலைத் தின்ன பறவை எது, ஈஸ்கிலஸ் தலையில கழுகு ஆமையைப் போட்டது நிஜமா, ஒரு பையனைக் கழுகு தூக்கிட்டுப் போக முடியுமா, கடைசியா நம்ம ஊர்க் கழுகுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டான்னு. ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரே கேள்விதான்னு நினைக்கிறேன்: அந்தக் கிரேக்கக்காரங்க பறவையை உண்மையில பார்த்துட்டு கதை சொன்னாங்களா, இல்ல சும்மா அடிச்சு விட்டாங்களா? நான் ரொம்ப வருஷம் விலங்கியல் வாத்தியார், பைனாகுலரைத் தூக்கிட்டு அலையற பழக்கம் இன்னும் விடல, அதனால பறவை விஷயத்தைத் தைரியமா சொல்லுவேன். கிரேக்க மொழி எனக்குத் தெரியாது, படிச்சதெல்லாம் மொழிபெயர்ப்புதான், அந்தப் பக்கம் நான் சொல்றதை அதுக்கேத்த மாதிரி எடுத்துக்குங்க. இன்னொண்ணு, பேச்சு வழக்குல எல்லாத்தையும் கழுகுன்னுடறோம், இந்தப் பதில்ல மட்டும் உயிரோட பிடிச்சுத் தின்றதைக் கழுகுன்னும் செத்ததைத் தின்றதைப் பாறுன்னும் எழுதறேன்.

முதல்ல புரொமிதியஸ், நெருப்பைத் திருடி மனுஷங்களுக்குக் குடுத்ததுக்காக தேவர்களோட ராஜா ஜீயஸ்கிட்ட தண்டனை வாங்கினவன். இதுல சந்தேகமே இல்ல, பழைய பாட்டுல இருக்கறது கழுகுதான். கி.மு. 700 வாக்குல ஹெஸியட் பாடினதுல, நீண்ட சிறகுள்ள கழுகு ஒண்ணு அவனோட அழியாத கல்லீரலைத் தின்னும், பகல் முழுக்க எவ்வளவு தின்னுச்சோ அவ்வளவும் ராத்திரியில வளர்ந்துடும்னு தெளிவா இருக்கு. கடைசியில ஹெராக்கிளிஸ் வந்து அந்தக் கழுகைக் கொல்றான். காகசஸ் மலைப் பாறையில கட்டிப் போட்டாங்கன்னு நாம எல்லாரும் சொல்றோமே, அது ஹெஸியட்ல கிடையாது, அவர் ஒரு தூணைத்தான் சொல்றார். வாட்டிகன் மியூசியத்துல ஸ்பார்ட்டா பக்கத்துக் கிண்ணம் ஒண்ணு இருக்கு, கி.மு. 550ஐ ஒட்டினது, அதுலயும் பாறை கிடையாது, தூண்தான். கை கால் கட்டுண்டு புரொமிதியஸ் உட்கார்ந்திருக்கான், பறவை அவன் மடியில ஏறி நிக்கற மாதிரி நின்னு நேரா நெஞ்சுல கொத்துது, ரத்தம் சொட்டுச் சொட்டா தரையில விழுது, எதிர்ப்பக்கம் அட்லஸ் வானத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கறான். வரைஞ்சவன் ரத்தத்தை விடாம வரைஞ்சிருக்கான், கல்லீரல் இருக்கற இடத்தைத்தான் கோட்டை விட்டுட்டான்.

அப்புறம் ஏன் நிறையப் பேர் பாறுன்னு சொல்றாங்கன்னா, இதே தண்டனை இன்னொருத்தனுக்கும் உண்டு. டிட்டியோஸ்னு ஒரு ராட்சசன், அப்போலோவோட அம்மா லெட்டோ மேல கை வச்சவன். ஹோமரோட ஒடிஸி காவியம் 11ஆம் பாகத்துல கதாநாயகன் ஒடிஸியஸ் அவனைப் பாதாளத்துல பார்க்கறான், ரெண்டு பக்கமும் ரெண்டு பாறு உட்கார்ந்து கல்லீரலைத் தின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டு கதையும் பின்னாடி குழம்பிப் போச்சு. என் கண்ணுக்கு, பறவை விஷயத்துல டிட்டியோஸ் கதைதான் சரியான கதை. ஏன்னா கீழ கிடக்கற பெரிய உடம்புக்குள்ள தலையை விட்டு குடல், கல்லீரல்னு மெத்துனு இருக்கறதை இழுத்துத் தின்றது கிரிஃபான் பாறுவோட வேலை. அதுக்குத்தான் அந்த நீளக் கழுத்து, கழுத்துல இறகே இல்லாம வெறும் மெல்லிய தூவி. கழுகுக்குத் தலையும் கழுத்தும் முழுக்க இறகு, அதை உள்ள விட்டா ரத்தத்துல நனைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும், அது கால்ல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு மேலருந்து கிழிச்சுத்தான் தின்னும். அதுக்காகக் கழுகு செத்ததைத் தொடாதுன்னு நினைக்காதீங்க, கோல்டன் ஈகிள் பனிக்காலத்துல செத்த மானையும் ஆட்டையும் நல்லாவே தின்னும். ஜீயஸோட தனிப் பறவை கழுகு, அவர் குடுக்கற தண்டனைக்கு அவரோட ஆளைத்தானே அனுப்புவார், அதனால அங்க கழுகு வந்திருக்குன்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம், பாட்டுல அப்படிக் காரணம் எதுவும் சொல்லல.

கல்லீரல் வளர்ற விஷயத்தையும் தொட்டுட்டுப் போறேன், ஏன்னா "கிரேக்கர்களுக்கு அப்பவே மெடிக்கல் சயின்ஸ் தெரியும்"னு வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு சுத்துது. கல்லீரல் வளரும்ங்கறது உண்மை. 1931ல எலிகள்ல மூணுல ரெண்டு பங்கு கல்லீரலை வெட்டி எடுத்துப் பார்த்தாங்க, ஒரு வாரம் பத்து நாள்ல பழைய எடைக்கு வந்துடுச்சு. மனுஷங்கள்ல தானம் குடுத்தவங்களுக்குச் சில மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவு வந்துடும். ஆனா வெட்டின துண்டு அதே இடத்துல திரும்ப முளைக்காது, மிச்சம் இருக்கறது பெருக்கும், அவ்வளவுதான். ஒரே ராத்திரியில எல்லாம் நடக்காது. கிரேக்கர்கள் பலி குடுத்த ஆட்டோட கல்லீரலை எடுத்துச் சகுனம் பார்த்தவங்க, உணர்ச்சிக்கு இருப்பிடமே அதுதான்னு எழுதினவங்களும் உண்டு. கதைக்குக் கல்லீரல் வந்ததுக்கு அதுவே போதும். ஆபரேஷன் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு சொல்ல ஒரு ஆதாரமும் கிடையாது.

இப்ப ஆமை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்லுவேன். ஈஸ்கிலஸ் பெரிய நாடகாசிரியர், சிசிலித் தீவுல கெலாங்கற ஊர்ல கி.மு. 456 வாக்குல செத்தார், இது வரலாறு. அவர் வெட்டவெளியில உட்கார்ந்திருந்தப்ப மேல பறந்த கழுகு அவரோட வழுக்கைத் தலையைக் கல்லுன்னு நினைச்சு ஆமையைப் போட்டுச்சுங்கறது கதை. எழுதினவர் வலேரியஸ் மாக்ஸிமஸ்ங்கற ரோமானியர், அவர் கி.பி. முதல் நூற்றாண்டு, ஆக ஆள் செத்து நானூத்தி எழுபது எண்பது வருஷம் கழிச்சு. அதே நூற்றாண்டுல பிளினி இன்னும் மசாலா சேர்க்கறார், இன்னைக்கு மேலருந்து ஏதோ விழுந்து சாவேன்னு குறி சொல்லிட்டாங்களாம், அதனால கூரைக்குப் பயந்து வெளியில வந்து உட்கார்ந்தாராம். விதியை ஏமாத்தப் போய் விதிகிட்டயே மாட்டறது, கேட்டவுடனே தெரியுது பாருங்க இது எந்த அச்சுல வார்த்ததுன்னு. இன்னொரு விஷயம் இன்னும் சுவாரசியம். கழுகு ஆமையைப் போட்டு ஒரு வழுக்கையன் மண்டை உடைஞ்சதுங்கறதை, எதேச்சையா நடக்கறதுன்னா என்னன்னு விளக்க ஒரு உதாரணமா டெமாக்ரிடஸ்ங்கற கிரேக்கத் தத்துவ அறிஞர் பேர்ல சொல்லியிருக்காங்க, அதுல செத்தவனுக்குப் பேரே கிடையாது. பேர் இல்லாத வழுக்கையனுக்குப் பின்னாடி யாரோ ஈஸ்கிலஸ்னு பேர் வச்சுட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது. அவர் கல்லறைப் பாட்டுன்னு சொல்லப்படறதுல மாரத்தான் போர்ல சண்டை போட்டது இருக்கு, ஆமை இல்ல.

ஆனா கழுகு ஆமையைத் தூக்கிட்டுப் போய்ப் பாறையில போடறது நூத்துக்கு நூறு நிஜம், இன்னைக்கும் கிரீஸ், பல்கேரியா பக்கம் நடக்குது. அங்க கோல்டன் ஈகிளுக்கு வெயில் காலத்துல ஆமைதான் முக்கியமான சாப்பாடு, கூட்டுக்குக் கீழ போய்ப் பார்த்தா ஓடு ஓடா கிடக்கும். கால்ல பிடிச்சுக்கிட்டு உயரத்துக்குப் போகும், பாறைக்கு மேல வந்து விடும், உடையலைன்னா திரும்ப இறங்கி எடுத்துட்டு மறுபடியும் மேல போகும். இதையே தொழிலா வச்சிருக்கற இன்னொண்ணு தாடிப் பாறு, நம்ம இமயமலையிலயும் இருக்கு. அது சாப்பாட்டுல முக்கால்வாசிக்கு மேல எலும்புதான். சின்ன எலும்பை அப்படியே முழுங்கிடும், பெருசா இருந்தா ஐம்பது நூறு மீட்டர் உயரத்துலருந்து பாறையில போட்டு உடைக்கும், அதோட வயித்து ஆசிட் அந்த எலும்பையே கரைச்சுடும். கவனிக்க வேண்டியது என்னன்னா, இந்த ரெண்டும் கண்ட இடத்துல போடறதில்ல, சாய்வான பெரிய பாறைப் பலகையா பார்த்து வச்சுக்கிட்டு தலைமுறை தலைமுறையா அதே இடத்துல போடும். கழுகோட கண்ணு நம்ம கண்ணை விட ரெண்டு மடங்குக்கு மேல நுணுக்கமானது, அதுக்கு ஒரு மனுஷன் தலையும் பாறையும் வித்தியாசம் தெரியாமப் போகும்னு என்னால நம்ப முடியல. அதாவது பறவை பண்ற காரியம் நிஜம், அதை வச்சுப் பின்னின சாவு பொய்.

இந்த மாதிரி பார்த்தது சரி, காரணம் தப்புங்கறது நிறைய இடத்துல வரும். கழுகு மூணு முட்டை போடும், ரெண்டு குஞ்சு பொரிக்கும், ஒண்ணைத்தான் வளர்க்கும்னு ஒரு பழைய வரியை அரிஸ்டாட்டில் எடுத்துக் காட்டறார். இன்னொரு இடத்துல, கடல் கழுகு தன் குஞ்சுகளைச் சூரியனைப் பார்க்க வைக்கும், எதோட கண்ணுல முதல்ல தண்ணி வருதோ அதைக் கொன்னுடும்னும் எழுதறார். குஞ்சு சாகறது உண்மைதான், கொல்றதுதான் அம்மா இல்ல. கோல்டன் ஈகிள் பெரும்பாலும் ரெண்டு முட்டை போடும், மூணு நாலு நாள் இடைவெளியில பொரிக்கும், அந்த இடைவெளியில மூத்தது கொழுத்துடும், சின்னது வெளியில வந்ததுலருந்து மூத்தது அதோட முதுகுலயும் தலையிலயும் கொத்திக்கிட்டே இருக்கும், அம்மாவும் அப்பாவும் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருக்கும், விலக்கிவிடாது. இரை ஏராளமா இருந்தா ரெண்டும் தப்பிக்கறது உண்டு. கீழ செத்துக் கிடந்த குஞ்சைப் பார்த்தவன் சூரியப் பரீட்சைன்னு கதை கட்டியிருக்கான். இதுல இன்னொரு வேடிக்கை, கழுகு தள்ளிவிட்ட குஞ்சைத் தாடிப் பாறு எடுத்து வளர்க்கும்னும் அரிஸ்டாட்டில் சொல்றார் (அவர் சொல்ற பறவை தாடிப் பாறுதான்னு பெரும்பாலானவங்க சொல்றாங்க). அந்தத் தாடிப் பாறு ரெண்டு முட்டை போட்டா மூத்தது ரெண்டாவதை உயிரோடவே விடாது, அதுவா அடுத்தவன் பிள்ளையை வளர்க்கப் போகுது!

இதுக்கு நேர் எதிரா, ஹோமர் சொன்ன சில காட்சியில நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டிராய் போரைப் பாடற அவரோட இலியட் 12ஆம் பாகத்துல டிராய்க்காரங்க படை தலைக்கு மேல ஒரு கழுகு, கால்ல உயிரோட பெரிய பாம்பு, அது வளைஞ்சு கழுத்துக்குப் பக்கத்துல நெஞ்சுல கடிக்குது, வலி தாங்காம கழுகு பாம்பைப் படைக்கு நடுவுல போட்டுட்டு கத்திக்கிட்டே பறந்துடுது. பாலிடாமஸ் இது கெட்ட சகுனம்ங்கறான், படைத்தலைவன் ஹெக்டர் கேட்க மாட்டேங்கறான். கிரீஸ்ல பாம்பையே தின்னு வாழற பாம்புக் கழுகு உண்டு, அதே இனம் நம்ம ஊர்ப் பொட்டல் காட்டுலயும் இருக்கு. பாம்பைத் தின்றதால விஷம் ஏறாதுன்னு நினைச்சுடாதீங்க, அதுக்குக் காப்பு கால்ல இருக்கற தடிச்ச செதிலும் அடர்த்தியான இறகும்தான். செதில் இல்லாத இடத்துல பல்லு இறங்கினா அதுக்கும் ஆபத்துதான், ஹோமர் பாம்பு கடிச்ச இடம் எதுன்னு சொன்னாரே, சரியா அந்த மாதிரி இடம். வழக்கமா அது முதல்ல பாம்போட தலையை நசுக்கிட்டு முழுசா முழுங்கும், குஞ்சுக்குக் கொண்டு போறப்ப வாயிலருந்து வால் மட்டும் தொங்கிக்கிட்டு இருக்கும், குஞ்சு அந்த வாலைப் பிடிச்சு உள்ளருந்து உருவி எடுக்கும். ஒரு தடவை பார்த்தீங்கன்னா மறக்க மாட்டீங்க.

பையனைத் தூக்கின கேள்வி. கழுகு தூக்கிட்டுப் போனதா சொல்ற பையன் டிராய் ராஜகுமாரன் கானிமீட், ஆனா அவன் கதையில கழுகு ஆரம்பத்துல கிடையாதுங்கறது நிறையப் பேருக்குத் தெரியாது. இலியட்ல அவன் அழகுக்காகத் தேவர்கள் தூக்கிட்டுப் போனாங்கன்னு மட்டும்தான், அஃப்ரோடைட் பேர்ல இருக்கற பழைய துதிப் பாட்டுல சூறைக்காத்து தூக்கிட்டுப் போகுது. கழுகு பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. கி.மு. நாலாம் நூற்றாண்டுல லியோகரிஸ்ங்கற சிற்பி பண்ணின சிலையைப் பத்தி பிளினி சொல்றார், யாரைத் தூக்கிட்டுப் போறோம்னு கழுகுக்கே தெரிஞ்ச மாதிரி, துணிக்கு மேல கூட நகம் படாம பிடிச்சிருக்காம். நிஜத்துல பெண் கோல்டன் ஈகிள் நாலுலருந்து ஆறரை கிலோ, சிறகு விரிச்சா ரெண்டு மீட்டர் வரும், ஆணை விட பெண்தான் பெருசு. ரெண்டு மூணு கிலோவைத் தூக்கிட்டுப் பறந்தாலே பெரிய விஷயம். கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் பழக்கின கழுகை வச்சு நரி பிடிக்கறாங்க, ஓநாயைக் கூட பிடிச்சிருக்கு, ஆனா அதெல்லாம் தரையில அமுக்கிக் கொல்றதுதான், தூக்கிட்டுப் போறதில்ல. அதனால பையனைத் தூக்கற பேச்சே இல்ல, யூடியூப்ல குழந்தையைக் கழுகு தூக்கற வீடியோ பார்த்து நீங்க கேட்டிருந்தா, 2012ல உலகம் முழுக்க ஓடின அந்த வீடியோ கனடாவுல அனிமேஷன் படிக்கற மாணவங்க கம்ப்யூட்டர்ல பண்ணினது.

ஆந்தையை நீங்க கேட்கல, ஆனா விட மனசில்ல. ஏதென்ஸோட காவல் தெய்வம் அதீனாவோட ஆந்தைன்னதும் பெரிய கொம்பன் ஆந்தையா கற்பனை பண்ணிக்கறாங்க, அது ஒரு சாண் உயரப் பொடி ஆந்தை, ஏதென்ஸ் வெள்ளிக் காசுல முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கும், அதே காசோட படம் இப்ப கிரீஸோட ஒரு யூரோ நாணயத்துல. பகல்லயே சுவர் மேல உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும், அதனால ஊருக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். நம்ம புள்ளி ஆந்தை அதே பேரினம், அதோட பேர்லயும் அதீனா இருக்கா. தமிழ்நாட்டு வேப்ப மரப் பொந்துல குடும்பமா உட்கார்ந்து கத்துமே, அதேதான்.

கடைசிக் கேள்விக்கு இது நல்ல இடம். 1798ல நெப்போலியன் கூட எகிப்துக்குப் போன சாவின்யிங்கற பிரெஞ்சு விஞ்ஞானி, 1809ல வேட்டைப் பறவைகளுக்குப் பேர் வைக்கறப்ப கிரேக்கக் கதையிலருந்து அள்ளி எடுத்தார். மீன் பிடிச்சுத் தின்ற நம்ம விராலடிப்பானுக்கு பாண்டியன்னு பேரினப் பேர். மதுரைப் பாண்டியன் இல்லீங்க, ஏதென்ஸ் ராஜா பாண்டியோன், அவர் பையன் நைசோஸ் கடல் கழுகா மாறிட்டதா கதை. இன்னும் பொருத்தமானது, ஈஜிப்பியஸ், நியோஃப்ரான்னு ரெண்டு பேர் கதை. ஈஜிப்பியஸ் நியோஃப்ரானோட அம்மாகூட உறவு வச்சுக்கிட்டான், பழிக்கு நியோஃப்ரான் சூழ்ச்சி பண்ணி ஈஜிப்பியஸை அவனோட சொந்த அம்மாகூடவே இருட்டுல படுக்க வச்சுட்டான், ஜீயஸ் கோபத்துல ரெண்டு பேரையும் பாறு ஆக்கிட்டார், ஒரே மாதிரிப் பறவை, ஆனா நிறமும் அளவும் வேற, நியோஃப்ரான்தான் சின்னது. சாவின்யி பெரிய கருப்புப் பாறுக்கு ஈஜிப்பியஸ்னும் சின்ன வெள்ளைப் பாறுக்கு நியோஃப்ரான்னும் வச்சார். முன்னது சிறகு விரிச்சா மூணு மீட்டரைத் தொடும், பின்னது ஒண்ணரை மீட்டரை ஒட்டி, எடை ரெண்டு கிலோ இருக்கும். கதை சொன்னவன் மனசுல இந்த ரெண்டு பறவைதான் இருந்துச்சான்னு நிரூபிக்க முடியாது, ஆனா பொருத்தம் கச்சிதம்.

அந்த நியோஃப்ரான்தான் நம்ம மஞ்சள்முகப் பாறு, செங்கல்பட்டு பக்கத்துல திருக்கழுக்குன்றம் மலையில மத்தியானம் குருக்கள் கையால சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ன ஜோடி. அங்கயும் தல புராணம் என்ன சொல்லுது, சாபம் வாங்கின முனிவர்கள் பறவையா வர்றாங்கன்னு. கிரேக்கத்துலருந்து இங்க வந்துச்சுன்னோ இங்கருந்து அங்க போச்சுன்னோ யாராவது சொன்னா நம்பாதீங்க, மனுஷ மூஞ்சி மாதிரி மொட்டை மஞ்சள் முகம், தரையில அசைஞ்சு அசைஞ்சு நடக்கற நடை, பயமில்லாம ஆள் கிட்ட வர்ற குணம், இதைப் பார்த்தா எந்த ஊர்க்காரனுக்கும் சாபம் வாங்கின ஆளுன்னு தோணலாம். காலங்காலமா ஒரே ஜோடி வந்துச்சுங்கறதும் முடியாத காரியம், கூண்டுல வச்சுப் பார்த்துக்கிட்டாலே முப்பது வருஷத்தை ஒட்டித்தான் வாழும், ஆக ஒரு ஜோடி போக அடுத்த ஜோடி வந்திருக்கும். 1990கள் முடியற சமயத்தோட அங்க வர்றது நின்னு போச்சு. இப்ப அந்த இனத்தை அழியற ஆபத்துல இருக்கற பட்டியல்ல வச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல பாறு பார்க்கணும்னா முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குதான் போகணும், அங்கயும் அதிகம் கண்ணுல படறது வெண்முதுகுப் பாறு, மஞ்சள்முகம் தென்பட்டா அதிர்ஷ்டம்.